முதலில் அணைந்த மெழுகுவர்த்தி

மா ஞோவுக்குப் புருஷன் தேவைப்படவில்லை, படகுதான் தேவைப்பட்டது. அந்தமான் பெண்கள் சிறையில் யாரும் யாருக்கும் படகு கொடுப்பதில்லை. ஆனால் ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு தறி நெய்தால் புருஷன் கொடுப்பார்கள். கிடைக்கிறதை வைத்துப் பார்ப்போம் என்று அவளும் போய்க் கல்யாண வரிசையில் நின்றாள்.

திங்கட்கிழமை காலையில் வரிசை நடக்கும். சிறை முற்றத்தில் பெண்கள் நிற்பார்கள். வெளியே குடிசை போட்டுப் பிழைக்க உத்தரவு வாங்கிய ஆண் கைதிகள் தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தடவிக்கொண்டு, இரவல் சட்டையும் மாட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். மாட்டுச் சந்தை மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்தச் சந்தையில் மாட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால் மாடும் வேண்டாம் என்று சொல்லலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் துரை தலையாட்டிவிடுவார்.

அன்று முதலில் அவள் முன்னால் நின்றவன் ராம்பலி. போஜ்பூர் பக்கத்து ஆள். கைதியாக வந்து, நல்ல பெயர் எடுத்து, துடுப்புக் காவலுக்கு டிண்டாலாக, அதாவது கைதி மேஸ்திரியாக உயர்ந்தவன். மீசையை அன்றைக்கென்றே முறுக்கியிருந்தான். உன்னிடம் படகு இருக்கிறதா என்று மா ஞோ கேட்டாள். படகு எதற்கு, நாலு எருமை இருக்கிறது என்றான் அவன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டி அடுத்தவனைப் பார்த்தாள். ராம்பலி அந்த அவமானத்தை அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் சுமந்துகொண்டு திரிந்தான்.

அடுத்தவன் கோ லூன். ஆள் வருவதற்கு முன்னால் கருவாட்டு வாசனை வந்தது. ஒட்டிய வயிறு, ஓயாத வாய், விரலிடுக்கெல்லாம் வலைக்கயிறு அறுத்த தழும்பு. மா ஞோ முகத்தைப் பார்க்காமல் அந்தத் தழும்புகளைத்தான் பார்த்தாள்.

"படகு உன்னோடதா?"

"என்னோடதுதான். கொஞ்சம் ஒழுகும். நானும் கொஞ்சம் பேசுவேன். ரெண்டையும் அடைக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மா ஞோ சிரிக்கவில்லை. எத்தனை முழம் படகு, பாய்மரம் கட்ட இடம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சரி என்றாள். பெண் பார்க்க வந்த இடத்தில் படகு பார்க்கப்பட்டதை கோ லூன் அப்போது கவனிக்கவில்லை. இவ்வளவு அழகான பெண் தன்னைக் கட்டிக்கொள்கிறாளே என்ற மயக்கத்தில் அவன் இருந்தான்.

அவள் தீவுக்கு வந்த கதை சின்னது. பர்மாவின் தவாய் கடற்கரையில் மீன் பிடிக்கிற குடும்பம். அப்பன் படகில் ஏறி வளர்ந்தவள். கட்டிய முதல் புருஷன் காய்ச்சலில் போனான். மகளை வைத்துக்கொண்டு ஙப்பி என்கிற உப்புமீன் விழுது இடித்து விற்றுக்கொண்டிருந்தாள். மீன்துறையைக் குத்தகைக்கு எடுத்தவனின் ஆள் ஒருநாள் வந்து ஙப்பிப் பானைகளை உதைத்து உடைத்தான். குறுக்கே வந்த ஐந்து வயது மகளையும் உதைத்தான். மா ஞோ கையில் உலக்கை இருந்தது. அவன் மூன்றாம் நாள் செத்துப்போனான். அவன் செத்ததில் அவளுக்குச் சந்தோஷமில்லை, அடித்ததில் வருத்தமுமில்லை. கோர்ட்டில் இதை அப்படியே சொன்னாள். ஆயுள் தண்டனை என்றார்கள்.

மகள் பெயர் மி தின். மா ஞோவின் அக்கா அவளை எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரப் போலீஸ் வராத சயாம் கரைக்குக் குடிபோனாள். அங்கே ஒரு கழிமுகத்தில் பர்மாக்காரர்கள் இருபது வீடு கட்டி மீன் பிடிக்கிறார்கள் என்று மட்டும் மா ஞோவுக்குத் தெரியும். கல்யாணமாகி கோ லூன் குடிசைக்கு வந்த நாளிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் கிழக்கே பார்ப்பாள். கும்பிடுகிறாள் என்று கோ லூன் நினைத்துக்கொண்டான்.

குடிசை கடற்கரை ஓரத்தில். எட்டு வாத்து, ஒரு முருங்கை மரம், ஒரு படகு. கோ லூன் கடல்காரன் இல்லை. ஆற்றங்கரை ஊரான ப்ரோமில் பிறந்தவன். கொள்ளைக்கூட்டத்தில் சோறாக்கினான் என்று பதினாலு வருஷம் போட்டார்கள். கூட்டத்திலேயே தன்னைத்தான் பெரிய குற்றவாளி என்று அவனே சொல்லுவான், அவ்வளவு மோசமாகச் சமைப்பானாம். கப்பலில் கொண்டுவந்தபோது பத்து நாளும் வாந்தி. அதனால் விரிகுடாவுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி மீன் பிடிப்பான், அதன் வாய்க்கு வெளியே தலைகூட நீட்டமாட்டான். கல்யாணமானபோது விடுதலைக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. ஊருக்குப் போய் ஆற்றுத்தண்ணீரில் கால் நனைப்பதுதான் அவன் ஆசை.

பேச்சு என்றால் பேச்சு. சோற்றோடு பேசுவான், வாத்தோடு பேசுவான், தூக்கத்தில் முருங்கை மரத்தோடு பேசுவான். முதல் மாதம் மா ஞோவுக்குத் தலைவலி வந்தது. மூன்றாம் மாதம் பழகிவிட்டது. ஒருநாள் அவனுக்குத் தொண்டை கட்டிப் பேச முடியாமல் போனபோது வீடு என்னவோ மாதிரி இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. இது எங்கேயோ கொண்டுபோய் விடும் என்று பயந்து அன்று முழுக்க வாத்துக்கொட்டகையைக் கழுவினாள்.

இரண்டாவது மழைக்காலத்தில் அக்காவின் கடிதம் வந்தது. ஒரு சீன வியாபாரி கொண்டுவந்தான். குடியிருப்பிலேயே படித்தவர் ஊ தா யா, ஊரில் தலைவராக இருந்த பெரியவர். கொள்ளைக்காரர்களுக்கு ஒளிய இடம் கொடுத்தார் என்று தீவுக்கு வந்தவர். பர்மாக்காரர் பஞ்சாயத்தெல்லாம் அவர் முன்னால்தான். மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு அவர் படித்தார்.

மி தினுக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் காது குத்தவில்லை. இரண்டு தடவை நாள் குறித்து, மேளம் வைத்து, பந்தல் போட்டாகிவிட்டது. முதல் தடவை பாக்குமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது தடவை காது குத்துகிறவரின் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். அம்மா வந்து பிடித்துக்கொண்டால்தான் குத்திக்கொள்வேன் என்கிறாள். ஊர்ப் பையன்கள் மொட்டைக்காது என்று கூப்பிடுகிறார்கள். விரதகாலம் முடிகிற பௌர்ணமிக்கு மூன்றாம் நாள், கடைசியாக ஒரு தடவை நாள் வைத்திருக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் கட்டிப்போட்டுக் குத்திவிட வேண்டியதுதான். கடிதம் அவ்வளவுதான்.

ஊ தா யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொட்டைப்பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் பர்மாவில் பையனுக்குப் புத்த பிக்குவின் சீவரம் போடுகிற மாதிரி. தாய் இல்லாமல் அது நடந்தால் நடந்த மாதிரியே இல்லை. பௌர்ணமிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. தென்மேற்குக் காற்று மெலிந்து, ஆனால் நிற்காமல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மா ஞோ புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம் பண்ணினதே படகுக்காகத்தான் என்பதையும் மறைக்கவில்லை. கோ லூன் எழுந்துபோய்ப் படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பிறகு, ஒழுகுகிற இடத்தை நாளைக்கு அடைத்துவிடுகிறேன் என்றான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பெண்டாட்டி ஓடினால் புருஷன்தான் பொறுப்பு. இரண்டு வருஷம் மீதி இருக்கிறவனை வைப்பர் தீவுச் சிறையில் சங்கிலியில் பூட்டி இன்னும் பத்து வருஷம் சேர்த்துவிடுவார்கள். அவனைப் பலிகொடுத்துவிட்டுப் போக மா ஞோவுக்கு மனம் வரவில்லை. உதைத்தவனை உலக்கையால் அடிக்கத் தெரியும், சோறு போட்டவன் தலையில் கல்லைப் போடத் தெரியாது. மூன்று நாள் யோசித்தாள். கடைசியில் பர்மா வழக்கமே வழி சொன்னது.

புருஷன் பெண்டாட்டி பிரிவதென்றால் பர்மாவில் கோர்ட்டு கச்சேரி கிடையாது. ஒரே அளவு மெழுகுவர்த்தி இரண்டு, பெரியவர்கள் முன்னால் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். எவருடையது முதலில் அணைகிறதோ அவர் உடுத்தின துணியோடு அந்த நிமிஷமே வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். வீடும் மற்றதும் இருக்கிறவருக்கு. அவ்வளவுதான், அதற்கப்புறம் அவர் யாரோ இவர் யாரோ. ஊ தா யா சாட்சி சொன்னால் துரையும் அதை ஒத்துக்கொள்வார், முன்பே இரண்டு தடவை ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மா ஞோவின் திட்டம் இதுதான். அவள் மெழுகுவர்த்தி முதலில் அணைய வேண்டும். அவள் வீட்டை விட்டுப் போய்விடுவாள். மறுநாள் காலையில் கோ லூன் ஊ தா யா வீட்டில் பத்துப்பேர் நடுவில் உட்கார்ந்து, பெண்டாட்டி போன துக்கத்தில் கள்ளு குடித்து அழுதுகொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் வேஷத்தில் அவள் போய்த் துடுப்பை வாங்கிக்கொண்டு படகோடு கிளம்பிவிடுவாள். முன்னாள் பெண்டாட்டி திருடிக்கொண்டு போனால் முன்னாள் புருஷன் என்ன செய்வான், பாவம்.

படகு எப்போதும் கரையில் கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். துடுப்பைத்தான் சாயங்காலம் வாங்கிப் பூட்டிவிட்டுக் காலையில் கொடுப்பார்கள். கொடுக்கிறவன் ராம்பலி. அவனுக்கு ஒரு பலவீனம். அவனுக்கு மட்டுமில்லை, அங்கிருந்த இந்துஸ்தானிக் காவலர் அத்தனை பேருக்கும். பர்மாக்காரன் யார், பர்மாக்காரி யார் என்று அவர்களுக்குப் பிடிபடாது. இரண்டு பேருக்கும் நீள முடி, இரண்டு பேரும் லுங்கி, இரண்டு பேர் வாயிலும் சுருட்டு. இதற்கு ராம்பலி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். பர்மா ஆம்பிளை என்றால் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் நீலமாகப் பச்சை குத்தியிருப்பான். துடுப்பு வாங்க வருகிறவன் லுங்கியை மடித்துக் கட்டித் தொடையைக் காட்ட வேண்டும். முகத்தை அவன் பார்ப்பதே இல்லை.

ஆகவே தொடை தயாராக வேண்டும். வலைக்குச் சாயம் போடுகிற கண்டல் மரப்பட்டைச் சாற்றை விளக்குக்கரியோடு கலந்தால் கருநீலமாக வரும், கடல் தண்ணீரிலும் போகாது. கோ லூன் கோழியிறகை அதில் தோய்த்து மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தான். தன் தொடையில் இருக்கிற புலிகளைப் பார்த்துத்தான் வரைந்தான், ஆனால் அவனுக்குக் கைவந்தது வாத்து ஒன்றுதான். மா ஞோ குனிந்து பார்த்தாள்.

"இது என்னய்யா, புலிக்கு அலகு இருக்கு?"

"கோவமா இருக்கிற புலி. வாயக் கூப்பி வச்சிருக்கு."

"இது நீந்துது."

"ஆத்தத் தாண்டுற புலி. நீ சும்மா ஆட்டாம இரு, காஞ்சிட்டா எல்லாம் ஒண்ணுதான்."

சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது. வரைந்து முடித்த பிறகு, இந்தச் சிரிப்பை அங்கே யாரிடம் போய்ச் சிரிப்பது என்று ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்டிவிட்டுப் படகுப் பாய் தைக்க உட்கார்ந்தாள். மூன்று அரிசிச் சாக்கு, சிறையில் கொடுத்த ஒரு கம்பளி, கல்யாணச் சிவப்பு லுங்கி எல்லாம் சேர்ந்து ஒரு பாய் ஆயிற்று.

பிரிவுக்கு நாள் குறித்தார்கள். விரத மாதத்தில் கல்யாணம்தான் கூடாது, பிரிவுக்கு யார் தடை சொன்னார்கள். ஒரு மாலை நேரத்தில் ஊ தா யாவும், அவர் மனைவியும், அக்கம்பக்கத்து ஆட்களும் குடிசையில் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கப்படி அவரவர் மெழுகுவர்த்தியை அவரவரே செய்ய வேண்டும். ஊ தா யா இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே உயரமா என்று பார்த்துத் தலையசைத்தார். மா ஞோ தன்னுடையதில் திரியை இரட்டையாக முறுக்கி வைத்திருந்தாள். இரட்டைத் திரி மடமடவென்று குடிக்கும். இந்தத் தந்திரத்தை கோ லூன் கவனிக்கவில்லை என்று அவள் நினைத்தாள்.

இரண்டையும் ஏற்றினார்கள். ஊ தா யா வெற்றிலை மடித்தார். மா ஞோவுடையது நன்றாகவே எரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கோ லூன் வழக்கம்போல் வாத்துகளின் உடல்நிலையைப் பற்றி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். பாதி கூட ஆகியிருக்காது, அவன் மெழுகுவர்த்தி ஒரு தடவை படபடத்தது. பிறகு புகைந்தது. பிறகு அணைந்துவிட்டது.

குடிசை முழுக்க மூங்கில் கருகின வாசனை.

ஊ தா யா மூக்கைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். மெழுகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூங்கில் குச்சி, மேலே மெழுகுப் பூச்சு. மெழுகுவர்த்தியில் மெழுகு இரண்டு விரற்கடைதான் இருந்திருக்கிறது. அவர் நிமிர்ந்து கோ லூனைப் பார்த்தார். கோ லூன் கூரையைப் பார்த்தான். பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல், எதைப் பார்க்க வேண்டும் எதைப் பார்க்கக்கூடாது என்று தெரியும். மெல்ல அந்தக் குச்சியைப் பிடுங்கித் தன் மடியில் செருகிக்கொண்டார்.

"கோ லூனோடது அணைஞ்சு போச்சு. எல்லாரும் பாத்தீங்கல்ல? வீடு, படகு, வாத்து எல்லாம் மா ஞோவுக்கு. தம்பி, நீ எழுந்திரு. வழக்கம்னா வழக்கம்."

மா ஞோ தன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். எல்லாரும் போன பிறகு வெளியே வந்தாள். கோ லூன் வாசலுக்கு வெளியே சரியாக ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவள் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. இரண்டே வருஷம், மடையனே, இரண்டே வருஷம், அதற்கப்புறம் உன் ஆறு, உன் ஊர், என்று அவன் நெஞ்சில் குத்திக் குத்திச் சொன்னாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"எல்லாருமா வீட்ட விட்டுத் தொரத்திட்டீங்க. படகு இப்ப உன்னோடது. அதுல கூலிக்கு ஆள் எடுப்பியா? கொஞ்சம் பேசுவேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திக்கொண்டு அழுத சத்தம் வழிவரைக்கும் கேட்டது என்று ஊ தா யாவின் மனைவி பிற்பாடு சொன்னாள். சந்தோஷத்தில் அழுதாளா கோபத்தில் அழுதாளா என்று மா ஞோவுக்கே தெரிந்திருக்காது.

பொழுது விடிந்ததும் மா ஞோ கொண்டையை உச்சிக்கு ஏற்றிக் கட்டி, கோ லூனின் பெரிய ஓலைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு, லுங்கியை வரிந்து மடித்துக் கட்டினாள். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டாள். எட்டு வாத்தும் ஊ தா யா வீட்டுக்குப் போய்விட்டன. படகு முனையில் நாட் தேவதைக்கு ஒரு தேங்காய் சிவப்புத்துணியோடு தொங்கியது. பாயும், பச்சைத்தேங்காயும், மூங்கில் குழாய்களில் தண்ணீரும், பொரியும் ஙப்பியும் வலைக்கு அடியில் இருந்தன. அதற்கும் அடியில் கோ லூன் இருந்தான். வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் ராத்திரி அங்கேயே படுத்துவிட்டான்.

மூங்கில் கழியால் ஊன்றிப் படகைத் துடுப்புக் காவலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ராம்பலி வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருந்தான். எதிரில் பர்மாக்காரன் ஒருவன் வந்து நின்றதும் பார்வை நேரே தொடைக்குப் போனது. நீலம் இருந்தது. துடுப்பை எடுக்கத் திரும்பினவன் மறுபடியும் பார்த்தான்.

"டேய், அது என்னடா, வாத்தா?"

மா ஞோ தொப்பியை இன்னும் இறக்கிக்கொண்டாள். குரல் கொடுத்தால் போச்சு. சுருட்டைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள். ராம்பலிக்கு அந்த மௌனம்தான் சந்தேகமாகப் பட்டது. கோ லூன் வந்தால் துடுப்பு வாங்குவதற்குள் நாலு கதை சொல்லாமல் போனதே கிடையாது. பல் குச்சியை எடுத்துவிட்டு எழுந்து வந்தான்.

"என்னடா, ஊமையாயிட்ட? நேத்து மெழுகுவர்த்தி ஏத்தினீங்களாமே. என்னை வேணாம்னவ, கடைசீல உன்னையும் வேணாம்னுட்டாளா?"

இரண்டு வருஷமாகத் தினமும் கேட்கிற கேலி. தினமும் பதில் சொல்லியே பழகின வாய். வலைக்கு அடியிலிருந்து தன்னை அறியாமல் பதில் வந்துவிட்டது.

"உன்ன நின்ன எடத்துலயே வேணாம்னா. என்ன ரெண்டு வருஷம் வச்சிருந்து வேணாம்னா. பழம் தின்னு துப்பினதுக்கும், பாத்தவுடனே துப்பினதுக்கும் வித்தியாசம் இல்லையாண்ணே?"

மா ஞோவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உதட்டை அசைக்கிற மாதிரி சுருட்டை இந்தப்பக்கத்திலிருந்து அந்தப்பக்கம் உருட்டினாள். ராம்பலி தொண்டையைச் செருமினான். குரல் சரி, திமிர் சரி, தொடை சரி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போடா போக்கிரி, நல்ல மீனா ஒன்று எனக்குக் கொண்டுவா என்று சொல்லித் துடுப்பைத் தூக்கிப் போட்டான்.

விரிகுடாவின் நடுவுக்குப் போகிறவரைக்கும் அவள் துடுப்பை நிறுத்தவில்லை. பிறகு திரும்பாமலே காலால் வலையை எட்டி ஓர் உதை கொடுத்தாள். வலை மன்னிப்புக் கேட்டது.

பகலில் துரைமார் இருக்கிற ராஸ் தீவு மேட்டிலிருந்து காவல் பார்க்கிறவனுக்கு விரிகுடா வாய் உள்ளங்கை மாதிரி தெரியும். வாய்க்கு வெளியே ஒரு படகு போனால் கொடி ஏறும், துப்பாக்கி வெடிக்கும். ஆனால் மழைக்காலக் கடைசியில் தென்மேற்கிலிருந்து ஒரு மழை வரும், சுவர் நகர்ந்து வருகிற மாதிரி வரும். அதற்குள் போனால் தன் மூக்கே தனக்குத் தெரியாது. மா ஞோ வலையைப் போட்டுவிட்டு அதற்காகத்தான் காத்திருந்தாள். இரண்டு சின்ன மழையை விட்டுவிட்டாள். மூன்றாவது கருத்து, அடிப்பக்கம் வெளுத்து வந்தது. அப்பன் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி ஒரு பானைச் சோறு வேகிற நேரம் அது நீடிக்கும்.

மழை மேலே விழுந்ததும் வலையை அறுத்து விட்டாள். கோ லூன் எழுந்து மற்றத் துடுப்பைப் பிடித்தான். மழை விலகினபோது ராஸ் தீவு பின்னால் ஒரு பாசிக்கட்டியாகக் கிடந்தது. சிவப்பும் சாக்குமாகப் பாய் ஏறியது, காற்று வந்து அதில் உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம் ஒன்பது நாள். நல்ல நாளும் உண்டு, படகே போய்விட்டது என்று நினைத்த நாளும் உண்டு. கோ லூன் முதல் மூன்று நாள் வாந்தி எடுத்தான், இடையிடையே ஒவ்வொரு அலையையும் பெயர் சொல்லித் திட்டினான். நாலாம் நாள் கடல் எண்ணெய் மாதிரி அடங்கிக் கிடந்தது. மா ஞோ ஒரு தேங்காயை வெட்டி அவன் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"மூங்கில் குச்சி வச்சியே, எதுக்குய்யா?"

"நீ மட்டும் ரெட்டைத் திரி வச்சே. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

"நான் போறதுக்கு வச்சேன். நீ எதுக்கு வச்சே?"

கோ லூன் தேங்காய்த் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

"அந்தக் குடிசைல ரெண்டு வருஷம் இருக்கலாம்தான். ஆனா நான் பேசுறத யாரு கேப்பா? வாத்து எந்திரிச்சுப் போயிடும், மா ஞோ. நீ ஒருத்திதான் திட்டிக்கிட்டே உக்காந்து கேட்ட."

அவள் கிழக்கே பார்த்துக்கொண்டு துடுப்பைத் திருப்பினாள். கண் எரிந்தது, உப்புக்காற்று என்று சொல்லிக்கொண்டாள். அதற்குமேல் அவள் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவில்லை. இந்த ஆள் தனக்கு வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

பத்தாம் நாள் கரை தெரிந்தது. ஆனால் அது வேறு கரை, மிகவும் வடக்கே. கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, கழிமுகம் கழிமுகமாக நுழைந்து விசாரித்து, இரண்டு தடவை போலீஸ் படகைக் கண்டு புதரில் ஒளிந்து, அந்த இருபது வீட்டு ஊரைக் கண்டுபிடிக்க இன்னும் பதினைந்து நாள் ஆனது. பௌர்ணமிக்கு ஏற்றின விளக்குகள் அணைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் அவர்கள் படகு தட்டின துறையில் மேளச்சத்தம் கேட்டது.

பந்தலில் கூட்டம். நடுவில் பாயில் பட்டு உடுத்தி ஒரு பெண், அவளை நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காது குத்துகிறவர் கட்டைவிரலில் துணி சுற்றி, தங்க ஊசியோடு தூரமாகவே நின்றார். மா ஞோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். கிழிந்த லுங்கி முழங்காலுக்கு மேலே, ஆம்பிளைக் கொண்டை, உடம்பெல்லாம் உப்பு. யாரோ பைத்தியம் என்று அக்காளே கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்று, பிறகு வாயைப் பொத்திக்கொண்டது.

மி தினுக்கு முகம் தெரியவில்லை. ஏழு வருஷம், எப்படித் தெரியும். தன் பக்கத்தில் வந்து முட்டிபோட்டு உட்கார்ந்து தலையை மடியில் இழுத்துக்கொள்கிற இந்த ஆளை முறைத்துப் பார்த்தாள். கடிக்க வாயைத் திறந்தாள். அப்போது கண் தாழ்ந்தது.

"உன் தொடைல என்ன, வாத்தா?"

"புலிடி. ஆத்தத் தாண்டுற புலி."

"அலகு இருக்கே."

"கோவமா இருக்கு. வாயக் கூப்பி வச்சிருக்கு."

அந்தப் பெண் மடியில் தலை வைத்தபடி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துத் தோள் குலுங்கியது. குலுக்காதே என்று மா ஞோ அவள் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊசி இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கமும் போனது. சிரிப்பு அடங்கி, கையை எடுத்துக் காதைத் தொட்டு, விரலில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. நிமிர்ந்து அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அம்மாவா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் மா ஞோ.

சாப்பாடு நடந்தது. கூட்டம் உட்கார்ந்தது, மேளக்காரர்கள் உட்கார்ந்தார்கள், விரலில் துணி சுற்றினவரும் உட்கார்ந்தார். கோ லூன் மட்டும் வாசலுக்கு வெளியே, சரியாக ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் அவர், ஏன் உள்ளே வரவில்லை என்று அக்கா கேட்டாள். எனக்கு அவள் வீட்டில் இடமில்லை, மெழுகுவர்த்தி தீர்ப்பு, என்று அவனே அங்கிருந்து பதில் சொன்னான். படகில் கூலிக்கு வந்தேன், கூலி இன்னும் பேசவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

மா ஞோ எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டில் சோறு போட்டு, மீன் வைத்து, ஓரத்தில் ஙப்பி வைத்தாள். வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்து தட்டைத் தன் முன்னால் வைத்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு அதே தட்டை அவன் பக்கம் தள்ளினாள். பந்தலில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஊரார் பார்க்க ஒரு தட்டில் இரண்டு பேர் சாப்பிட்டால் பர்மாக்காரர்களுக்கு அதுதான் கல்யாணம், வேறு சடங்கு எதுவும் கிடையாது.

கோ லூன் தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"படகு ஒழுகுதுய்யா," என்றாள் மா ஞோ. "சாப்பிட்டுட்டு வந்து அடைச்சுக் குடு."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.